பழைய இரும்பும் புதிய வடமும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி. இயற்பியல் மாணவன்)

தேர் இழுக்க ஊர் கூடும். மணலில் புதைந்த டிராக்டரை இழுக்கவும் ஊர் கூடும். முன்னதில் வடம் பிடித்தால் புண்ணியம் என்பார்கள். பின்னதில் வடம் அறுந்தால் என்ன நேரும் என்பதை எங்கள் வீட்டில் கண்ணாரக் கண்டோம்.

என் ஊர் பொம்மையார்பாளையம். புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே வந்தால் பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது. சாலைக்குக் கிழக்கே கடலும் படகுகளும்; மேற்கே செம்மண் மேடும் முந்திரித் தோப்புகளும். கோடையில் மணல் வண்டியை விழுங்கும். மழையில் செம்மண் விழுங்கும். ஆகவே புதைந்த வண்டியை மீட்பது என்பது எங்கள் ஊரில் பொழுதுபோக்கு அன்று, அன்றாட வேலை.

முன்பெல்லாம் கட்டுமரத்தை நாலு பேர் தோளில் தூக்கி மேட்டில் வைத்துவிடுவார்கள். 2004 டிசம்பர் 26-இல் வந்த ஆழிப்பேரலைக்குப் பின் ஃபைபர் படகுகள் பெருகின. எஞ்சினும் வலையும் சேர்ந்தால் அது டன் கணக்கில் நிற்கும். அதைக் கரையேற்ற டிராக்டர் வேண்டியிருக்கிறது. கரையும் பழைய கரையாக இல்லை. 1980-களின் பிற்பகுதியில் புதுச்சேரித் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல் அணைகள் கட்டப்பட்டன. இந்தக் கடற்கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்வது இயற்கை. அணை அதை மறித்ததால் வடக்கேயுள்ள ஊர்களுக்கு மணல் வரத்துக் குறைந்து கரை தேய்ந்தது. அகன்று கிடந்த கரை ஒடுங்கிச் சரிவானால், அதில் ஏறும் டிராக்டரின் கதி என்னவென்று சொல்லவேண்டியதில்லை.

2024 நவம்பர் 30-ஆம் நாள் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. அதற்கு முன்னிரு நாட்களும் படகுகளையெல்லாம் மேடேற்றும் அவசரம். நான் அப்போது முதலாண்டு மாணவன். என் சித்தப்பாவின் டிராக்டர் அச்சு வரை புதைந்தது. வேறொரு டிராக்டரில் நைலான் கயிற்றைக் கட்டி, வேகமாக முன்னே ஓட்டி வெடுக்கென்று இழுத்தார்கள். கயிறு அறுந்தது. அதன் முனையிலிருந்த இரும்புக் கொக்கி பறந்து வந்து சித்தப்பாவின் வலது தோளில் அடித்தது. காறை எலும்பு முறிந்து மூன்று மாதம் கடலுக்குப் போகவில்லை. "அரை அடி தள்ளி நின்னிருந்தா ஒண்ணும் ஆயிருக்காது" என்று ஊரில் சொன்னார்கள். அரை அடி மறுபக்கம் தள்ளி நின்றிருந்தால் தலை.

நம் வகுப்பில் படித்த கணக்கை அப்போதுதான் போட்டுப் பார்த்தேன். இழுபட்ட கயிற்றில் சேரும் ஆற்றல், விசையையும் நீட்சியையும் பெருக்கி வரும் தொகையில் பாதி. இருபது மீட்டர் நைலான் கயிறு 20,000 நியூட்டன் விசையில் மூன்று மீட்டர் நீள்கிறது என்று கொள்வோம். ஆற்றல் 30,000 ஜூல். ஐம்பது கிலோ சிமெண்டு மூட்டை அறுபது மீட்டர் உயரத்திலிருந்து விழும் ஆற்றல் அது! அதே விசையில், விரல் பருமனுள்ள இருபது மீட்டர் எஃகுக் கம்பி வடம் பத்து சென்டிமீட்டர்கூட நீளாது. ஆற்றல் 800 ஜூல் அளவில் நின்றுவிடும். கம்பி வடம் அறுந்தாலும் ஆபத்துதான், ஐயமில்லை. ஆனால் இரண்டும் ஒன்றல்ல. வெடுக்கென்று இழுப்பதைவிட, கம்பி வடத்தால் மெல்ல இழுப்பதே அறிவுடைமை. அதற்கு ஒரு கருவி வேண்டும். புதிதாக வாங்க எங்களுக்கு வழியில்லை.

திண்டிவனத்தில் கல்லூரிக்கு வரும் வழியில் ஒரு காயலான் கடை இருக்கிறது. பேருந்துக்குக் காத்திருக்கும் நேரத்தில் உள்ளே நுழைந்து பார்ப்பது என் வழக்கம். சென்ற ஆண்டு அங்கே ஒரு மூலையில் துருப்பிடித்த ஓர் இரும்புக் கூடு கிடந்தது. இரண்டு நெம்புகோல் முளைகள், ஒரு முனையில் கொக்கி, நடுவே வடம் நுழைய ஒரு துளை. மின்கம்பம் நடுபவர்களிடம் இதைப் பார்த்திருக்கிறேன். 'டிர்ஃபோர்' வகைக் கை இழுவைப் பொறி. இது பிரெஞ்சு நாட்டில் தோன்றியது. அந்த மொழியில் 'தீர்' என்றால் இழு, 'ஃபோர்' என்றால் வலிமை. புதுச்சேரிக்குப் பக்கத்து ஊர்க்காரனுக்கு அந்தப் பெயரே ஓர் உறவு போலத் தோன்றிற்று.

"அது ஓடாது தம்பி, எடைக்குத்தான் போவும்" என்றார் கடைக்காரர்.

"எடைக்கே குடுங்கண்ணே" என்றேன்.

பத்தொன்பது கிலோ, கிலோ அறுபது ரூபாய்: 1,140. அதனோடு ஆறு கிலோவில் ஒரு பழைய கப்பி 360 ரூபாய். பொறியோடு சுற்றிக் கிடந்த பதினெட்டு மீட்டர் கம்பி வடத்தையும், இரண்டு டி-ஷேக்கிளையும் சும்மாவே தந்துவிட்டார். சும்மா வந்தவைதான் பின்னால் பெரிய வழக்காயின.

பொறி வேலை செய்யும் முறையைச் சொல்லவேண்டும். கரைவலை இழுப்பவர்களைப் பாருங்கள். ஒரு கை கயிற்றைப் பிடித்து இழுக்கும்போது மறுகை முன்னே போய்ப் பிடிக்கும். இந்தக் கை விடுவதற்குள் அந்தக் கை பிடித்துவிடும். கயிறு ஒரு நொடியும் அனாதையாக இருப்பதில்லை. பொறிக்குள்ளும் இரண்டு இரும்புக் கைகள், அதாவது இரண்டு ஜோடித் தாடைகள் இருக்கின்றன. நெம்புகோலை முன்னும் பின்னும் தள்ளத் தள்ள அவை மாறி மாறி வடத்தைப் பிடித்து நகர்த்துகின்றன. சுமை அதிகமாக ஆக, தாடைகள் தாமாகவே மேலும் இறுகும்படி அமைத்திருப்பதுதான் இதன் நுட்பம். ஒரு தள்ளலுக்கு வடம் நகர்வது சில சென்டிமீட்டரே. பொறுமையில்லாதவன் இதைத் தொடக்கூடாது.

எங்களுடையதில் நெம்புகோல் அசைந்தது, வடம் நகரவில்லை. முன்னே இரண்டு விரற்கடை போகும், பின்னே அதே இரண்டு விரற்கடை வரும். உடைந்துவிட்டது என்றே நினைத்தேன். உண்மையில் எண்ணெய் வற்றிய பொறியின் நோய் அது. பிடியில் எண்ணெய் பட்டால் வழுக்கும் என்று பயந்து பலர் இதற்கு எண்ணெயே விடுவதில்லை. அது தவறு. தாடைகளின் அழுத்தத்துக்கு முன் சாதாரண எண்ணெய் ஒன்றும் செய்யாது. கிராஃபைட்டோ மாலிப்டினமோ கலந்த கிரீஸ் மட்டும் கூடவே கூடாது. அவைதான் உண்மையில் வழுக்க வைப்பவை.

ஐந்து லிட்டர் டீசலைப் பழைய தொட்டியில் ஊற்றிப் பொறியை இரண்டு நாள் ஊறவைத்தேன். எடுத்து உலுக்கினால் மணல், சிமெண்டுப் பொடி, ஒரு குளவிக் கூடு எல்லாம் வந்தன. கவிழ்த்து வடியவிட்டு மறுபடி ஊறவைத்தேன். நாலாம் முறை டீசல் தெளிவாக வந்தது. பிறகு கியர் எண்ணெயைத் தாராளமாக விட்டுக் காலி நெம்புகோலை இருநூறு முறை ஆட்டினேன். பழைய வடத்தின் ஒரு துண்டை நுழைத்தபோது அது பிடித்துக்கொண்டு நகர்ந்தது. அன்றைக்கு இரவு சாப்பாடு இறங்கவில்லை, சந்தோஷத்தில்.

கழற்றக்கூடிய வெளித்தகடுகளின் துருவை மின்னாற்பகுப்பால் நீக்கினேன். பிளாஸ்டிக் வாளியில் சலவைச் சோடாக் கரைசல், பன்னிரண்டு வோல்ட் பேட்டரி சார்ஜர், நேர்முனையில் வேண்டாத இரும்புத் தகடு, எதிர்முனையில் துருப்பிடித்த பொருள். எவர்சில்வர்த் தகட்டை நேர்முனையில் போடக்கூடாது. நச்சுள்ள குரோமியம் சேர்மம் உண்டாகும். ஹைட்ரஜன் வெளிவருவதால் மூடிய அறையிலும் செய்யக்கூடாது. தாடைகளையும் கொக்கியையும் மட்டும் இந்தத் தொட்டியிலும் போடவில்லை, அமிலத்திலும் போடவில்லை. கடினமாக்கிய எஃகுக்குள் ஹைட்ரஜன் புகுந்தால் அது கண்ணுக்குத் தெரியாமல் நொறுங்கும் தன்மை அடையும். அவற்றுக்குக் கம்பித் தூரிகையும் கைவலியும்தான் மருந்து.

பட்டறையில் ஒருவர் உதவ முன்வந்தார். கப்பியின் கொக்கி வாய் கொஞ்சம் விரிந்திருக்கிறது, சூடேற்றி வளைத்துத் தருகிறேன், இருபது ரூபாய் கொடு என்றார். நல்ல மனிதர்தான். ஆனால் கொக்கியின் வலிமை அதற்கு ஆலையில் தந்த வெப்பப் பதத்தில் இருக்கிறது. நெருப்பில் காட்டினால் வடிவம் திரும்பும், வலிமை திரும்பாது. வாய் ஐந்து விழுக்காடு விரிந்தாலே கொக்கியைக் கழிக்கவேண்டும். நம் ஆய்வகத்து வெர்னியர் அளவியைப் பேராசிரியரிடம் கேட்டு வாங்கி அளந்தேன். அதே வகையில் நல்ல நிலையிலிருந்த இன்னொரு கொக்கியோடு ஒப்பிட்டால் விரிவு இரண்டு விழுக்காட்டுக்கும் கீழே. தப்பித்தது. வாயின் இருபுறமும் பஞ்சால் இரண்டு புள்ளி குத்தி, இடைவெளியை நோட்டில் எழுதிக்கொண்டேன்: 71.2 மி.மீ. கப்பியின் தேய்ந்த புஷ்ஷை மட்டும் லேத்தில் 450 ரூபாய்க்குக் கன்மெட்டலில் கடைந்து மாற்றினோம்.

இனி வடத்துக்கு வருகிறேன். புதிய வடம் மீட்டர் 210 ரூபாய் என்று சென்னை பாரிமுனையில் விசாரித்துச் சொன்னார்கள். பழையதையே காப்பாற்றிவிட வேண்டும் என்று எனக்கு ஆசை. விதியைத் தேடிப் பிடித்தேன். 1990-ஆம் ஆண்டுத் துறைமுகத் தொழிலாளர் பாதுகாப்பு ஒழுங்குமுறைகளின்படி, வடத்தின் விட்டத்தைப் போல் எட்டு மடங்கு நீளத்தில், அறுந்த கம்பிகள் மொத்தக் கம்பிகளில் பத்து விழுக்காட்டைத் தாண்டினால் அதைப் பயன்படுத்தக்கூடாது. எங்கள் வடத்தில் ஆறு புரி, புரிக்குப் பத்தொன்பது கம்பி, ஆக 114. பத்து விழுக்காடு என்றால் பதினொன்று. மிக மோசமான இடத்தில் எண்ணினேன்: ஏழு. விட்டமும் குறையவில்லை. வடம் தேறிவிட்டது என்று அப்பாவிடம் பெருமையாகக் காட்டினேன்.

என் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், அவ்வளவுதான். ஆனால் இளமையில் விசைப்படகில் விஞ்ச் ஓட்டியவர். என் நோட்டை அவர் பார்க்கவில்லை. வடத்தைக் கையில் எடுத்து இரண்டு இடத்தில் வளைத்துக் காதருகே வைத்தார். பிறகு வலை பின்னும் இடத்திலிருந்து ஓர் இரும்பு முள்ளைக் கொண்டுவந்து புரிகளுக்கு இடையே குத்தி நெம்பினார். உள்ளேயிருந்து செங்கல் பொடி போலத் துரு கொட்டிற்று. அவர் உள்ளங்கையில் அதை ஏந்தி என்னிடம் நீட்டினார்.

"மேல எண்ணினியே, உள்ள எண்ணினியா?"

ஒழுங்குமுறையும் அதையேதான் சொல்கிறது என்பதைப் பிறகு கவனித்தேன். கம்பி எண்ணிக்கையோடு, மிகுதியான தேய்மானமோ அரிப்போ தெரிந்தாலும் கழிக்கவேண்டும் என்று அதே வரியில் இருக்கிறது. எண் இருந்த இடம் வரை படித்துவிட்டு நிறுத்தியவன் நான்தான். உப்புக்காற்று வெளியே தொடுவதற்கு முன் உள்ளே தின்றுவிடுகிறது.

அரசுப் பள்ளியில் படித்தவன் என்பதால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் எனக்கு மாதம் வந்த ஆயிரம் ரூபாயில் ஐந்து மாதம் மிச்சம் பிடித்திருந்தேன். மீதியைச் சித்தப்பா கொடுத்தார். வடம் இருபது மீட்டர் 4,200. கப்பியில் மாட்டப் புதிய ஷேக்கிள் இரண்டு 760. பழைய இரண்டில் ஒன்றின் ஊசிக்குப் பதில் யாரோ சாதாரண போல்ட்டை முடுக்கியிருந்தார்கள், மற்றது வளைந்திருந்தது. மரத்தில் சுற்றப் பட்டையான பாலியெஸ்டர் பெல்ட் 650. ஷியர் பின் ஆறு 350. டீசல் 460. கூட்டிப் பார்த்தால் மொத்தம் 8,370 ரூபாய். அதில் சரிபாதி வடம் ஒன்றே. பழைய வடத்தை முழுசாகக் கேட்டு இரண்டு பேர் வந்தார்கள். தரமாட்டேன் என்று சொன்ன அப்பா, அன்று மாலையே அதை முழ நீளத் துண்டுகளாக வெட்டிப்போட்டார்.

ஷியர் பின் என்றேனே, அது என்ன? நெம்புகோலில் ஒரு சிறு ஊசி. சுமை எல்லை மீறினால் வேறெதுவும் உடையாமல் அது மட்டும் முறிந்து கைப்பிடி தளர்ந்துவிடும். சுமை அப்படியே நிற்கும். நம் வீட்டு ஃபியூஸ் கம்பிதான். எங்கள் பொறியில் அந்த இடத்தில் ஓர் ஆணியை வெட்டி அடித்திருந்தார்கள். ஃபியூஸ் அடிக்கடி போகிறதென்று தடித்த செம்புக் கம்பியைப் போடுபவர்கள் ஊர்தோறும் இருக்கிறார்கள்!

சோதிக்காமல் மணலுக்குக் கொண்டுபோக மனம் வரவில்லை. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 29-ஆம் பிரிவு, தூக்கும் பொறிகளையும் சங்கிலி, கயிறுகளையும் தகுதியுள்ளவர் பன்னிரண்டு மாதத்துக்கு ஒருமுறையாவது முழுமையாக ஆராயவேண்டும், பாதுகாப்பான சுமையை அவற்றின்மேல் குறிக்கவேண்டும் என்று விதித்தது. கடற்கரையில் ஆய்வாளர் வரமாட்டார், நாமே வரவேண்டியதுதான். பட்டறையின் உத்தரத்தில் பொறியை மாட்டி, பலகைமேல் இருநூறு லிட்டர் டிரம்கள் நான்கை வைத்து நீர் நிரப்பினோம். ஏறத்தாழ 870 கிலோ. (இயற்பியல் மாணவன் விசையைக் கிலோவில் சொல்வது பிழை, ஆனால் பட்டறையில் நியூட்டன் செல்லாது.) தரையிலிருந்து நாலு அங்குலம் தூக்கி, எல்லோரும் வெளியே நின்று, அரைமணி நேரம் விட்டுவைத்தோம். இறங்கவில்லை. சோதனைச் சுமை வேலைச் சுமையைவிடக் கால் பங்காவது அதிகம் இருக்கவேண்டும் என்பதால் 870-ஐ ஒன்றேகாலால் வகுத்தேன். பொறியின் தகட்டில் 1600 என்று இருந்தது. அதன்மேல் சிவப்புப் பெயிண்டில் 700 என்று எழுதினேன்.

"பாதிகூட இல்லியேடா, இதுக்கா இவ்ளோ செலவு?" என்றார் சித்தப்பா.

கப்பியால் அதை இரட்டிப்பாக்கலாம். இங்கே ஒரு பொதுவான தவறு நடக்கிறது. கப்பியை மரத்தில் கட்டி வடத்தைத் திருப்பினால் இரு மடங்கு பலம் என்று பலர் நம்புகிறார்கள். அப்படிக் கட்டினால் இழுக்கும் திசைதான் மாறும். இரு மடங்கு சுமை மரத்துக்குத்தான் போகும். கப்பி வண்டியில் இருக்கவேண்டும். பொறியை மரத்தில் கட்டி, வடத்தை வண்டியிலுள்ள கப்பியில் சுற்றி, முனையை மீண்டும் மரத்துக்கே கொண்டுவந்தால், உராய்வை ஒதுக்கிவிட்டுப் பார்க்க, வண்டிக்கு 700-ம் 700-ம் சேர்ந்து 1400. வேகம் பாதியாகும். ஆர்க்கிமிடீஸ் தனியாளாக ஒரு கப்பலை இழுத்ததாகப் புளூட்டார்க் எழுதியிருப்பது கதையாகவே இருக்கலாம். அதிலுள்ள இயற்பியல் கதையல்ல.

மணலில் மரத்துக்கு எங்கே போவது? பழைய கட்டுமரத் துண்டு ஒன்றைக் குறுக்காக ஆழக் குழிவெட்டிப் புதைத்து, அதில் பெல்ட்டைச் சுற்றிச் சாய்வான பள்ளம் வழியே வெளியே எடுத்தோம். முன்னாலுள்ள மணல் முழுவதும் அதைத் தாங்கிக்கொள்கிறது. இந்த யோசனையும் அப்பாவுடையதே.

இவ்வாண்டு தை மாதத்தில் முதல் சோதனை வந்தது. சித்தப்பாவின் டிராக்டர் இரண்டு டன். அச்சு வரை மணல். அச்சு வரை புதைந்த வண்டியை அசைக்க அதன் எடைக்குச் சமமான இழுப்பு வேண்டும் என்பது ராணுவ மீட்புப் படையினரின் தோராயக் கணக்கு. எங்களிடம் இருப்பது 1400. ஆகவே முதலில் மண்வெட்டி எடுத்துச் சக்கரங்களின் முன் பள்ளம் வெட்டிப் பலகை போடவேண்டும் என்று சொன்னேன். பாதி வெட்டியதும் பொறுமை போய்விட்டது. வடத்தின் நடுவில் நனைந்த சாக்கைப் போர்த்தி எல்லோரையும் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு அப்பா குழிப்பக்கம் போனார். அந்த இடைவெளியில் சித்தப்பாவின் மகனும் அவன் நண்பனும் இருவராக நெம்புகோலில் தொங்கினார்கள். டக்கென்று ஒரு சத்தம். கைப்பிடி செத்த பாம்பாகத் தளர்ந்தது.

"உடைஞ்சிபோச்சி, காயலான் கடைச் சாமான்தானே" என்று கூட்டத்தில் ஒருவர் சிரித்தார். முறிந்தது ஊசி மட்டும். வடம் விறைப்பாக அப்படியே நின்றது. அப்பா வந்து பார்த்துவிட்டு மண்வெட்டியை எடுத்து இருவர் கையிலும் ஆளுக்கொன்றாகக் கொடுத்தார். முக்கால் மணி நேரம் மணல் அள்ளினோம். புது ஊசி போட்டு, நான் ஒருவனே ஒரு கையால் தள்ளினேன். சித்தப்பா டிராக்டரை மெல்லக் கிளப்பிக் கொடுத்தார். விரற்கடை விரற்கடையாக ஏறி மேட்டுக்கு வந்தது. அவர் தோள் இன்னும் முழுதாக உயர்வதில்லை. இடக்கையால்தான் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தார்.

அன்றிரவு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஊசி முறிந்ததென்றால் பொறியில் 1600-க்கும் மேல் இழுப்பு வந்திருக்கிறது. கப்பியில் அதன் இரு மடங்கு: 3200-க்கும் மேல். கப்பியின் தகட்டில் இருப்பது 3 டன். ஷேக்கிளில் இருப்பது மூன்றேகால் டன். நான் எழுதிய 700-ஐ யாரும் படிக்கவில்லை. தூக்கம் வரவில்லை.

விடிந்ததும் எல்லாவற்றையும் திண்ணையில் பரப்பினேன். வடத்தைத் துணியால் முழு நீளமும் உருவினேன்; நூல் எங்கும் சிக்கவில்லை. கொக்கியின் இரு புள்ளிகளுக்கும் இடையே 71.2 மி.மீ., முன்பிருந்ததே. கப்பி சுலபமாகச் சுழன்றது. புதிய ஷேக்கிள்களில் ஒன்றின் ஊசி மட்டும், திருகும்போது கடைசி இரண்டு சுற்றில் சற்று இறுகிற்று. வெட்டிப்போட்ட பழைய வடத் துண்டுகள் கிடந்த கோணியில் அதையும் போட்டேன். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. கோணியின் வாயைக் கட்டி, காயலான் கடைக்கு எடுத்துப்போக என் கல்லூரிப் பைக்குப் பக்கத்தில் வைத்தார்.